இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே

லிஃப்ட் கம்பெனி நடத்துகிற பெண்மணியின் கணவர் லிஃப்ட்டில் ஏற மாட்டார் என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆளை உள்ளே அடைத்துக் கதவைச் சாத்தி அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போகிற எதையும் அவர் நம்புவதில்லை. எத்தனை மாடியானாலும் படிதான். மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்து, "உடம்புக்கு நல்லது" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வார்.

அன்று மாலை முதலாளியம்மா அவரை விடவில்லை. விழா மேல்மாடி மண்டபத்தில். விருது வாங்கப் போகிறவளின் கணவர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டு, கையைப் பிடித்து லிஃப்ட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். உண்மையில் முதலாளியம்மாவுக்குப் புதுச் செருப்பு காலைக் கடித்தது. அதை வெளியே சொல்லவில்லை.

அது அவருடைய கம்பெனி லிஃப்ட் இல்லை, போட்டிக் கம்பெனி பராமரிப்பது. ஏறியதுமே அதன் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தார். "எண்ணெய் காட்டி எத்தனை நாளாச்சோ" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்து, மூலையிலிருந்த சின்ன பேட்டரி விளக்கு எரிந்தது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, மேலும் இல்லை கீழும் இல்லை.

வாத்தியார் "நான் அப்பவே சொன்னேன்" என்று கூடச் சொல்லவில்லை. சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

முதலாளியம்மா மணியை அடித்தார். சுவரில் இருந்த இண்டர்காமில் காவலாளி பேசினார். லிஃப்ட்டைப் பராமரிக்கும் கம்பெனியின் ஆள் பக்கத்துத் தெருவில்தான் வேலையில் இருப்பதாகவும், வந்துகொண்டே இருப்பதாகவும் சொன்னார். சரி, உட்கார்ந்திருப்போம் என்று அவரும் கணவருக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

விருதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மாணவர்களை வேலைக்குத் தயார்ப்படுத்தும் முதலாளிகளுக்குத் தொழில்முனைவோர் சங்கம் வருடந்தோறும் தரும் விருது அது. பாராட்டினால் நாலு பேர் முன்வருவார்கள் என்பது சங்கத்தின் எண்ணம். நல்ல எண்ணம்தான். யார் அதிக மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்களோ அவர்களுக்கே விருது. முதலாளியம்மா தொழிற்கல்லூரி அனுப்புகிற அத்தனை பேரையும் எடுத்துக்கொள்வார், ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்த விஷயத்தில் அவருக்குத் தாராள மனசு.

ஆனால் அவர் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. மாணவர்கள் மெஷின் ரூமுக்குள் காலை வைக்கக் கூடாது. கட்டிடத்தின் உச்சியில் மோட்டாரும் கயிறும் சக்கரமும் இருக்கிற அறைதான் லிஃப்ட்டின் உயிர். அங்கே போய் யாராவது விரலை விட்டுக்கொண்டால் யார் பதில் சொல்வது? தவிர, வேலை தெரிந்த ஆள் சொல்லிக்கொடுக்க நின்றால் அன்றைய வேலை பாதியில் நிற்கும். அதனால் மாணவர்கள் கீழேயே நிற்பார்கள். கூட்டுவார்கள், சாமான் தூக்குவார்கள், டீ வாங்கி வருவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, சீருடை போட்டு, கையில் ஆளுக்கொரு ஸ்பானரோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பயிற்சி முடிந்ததும், எல்லா வேலையும் திறம்படக் கற்றார் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சான்றிதழ். முதலாளியம்மா இதைத் தப்பென்று ஒருநாளும் நினைத்ததில்லை. பிள்ளைகள் கைகால் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறார்களே, அது போதாதா என்று நினைத்தார்.

இண்டர்காம் கரகரத்தது. ஒரு பெண் குரல், மெஷின் ரூமில் இருப்பதாகச் சொன்னது.

முதலாளியம்மாவுக்கு உயிர் வந்தது. தான் யார், எந்தக் கம்பெனி என்று சொல்லி, தன் கணவருக்கு முடியவில்லை, சீக்கிரம் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

"என்னம்மா, கேக்குதா?"

"கேக்குது மேடம்." கொஞ்சம் தயங்கி அந்தக் குரல் சொன்னது, "எனக்குக் கையால சுத்தத் தெரியாது."

அவளுடைய மேஸ்திரி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறாராம், வர நேரமாகுமாம். போன வாரம் இப்படித்தான் ஒரு இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டு, இவள் திருதிருவென்று விழித்திருக்கிறாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டோடு இருந்துகொள் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள், ஆனால் குரல் நடுங்கியது.

முதலாளியம்மாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒரு பக்கம் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார், இன்னொரு பக்கம் ஆனா ஆவன்னா தெரியாத ஆளை அனுப்பியிருக்கிறார்கள்.

"கையால சுத்தத் தெரியாம எப்படிம்மா வேலைக்குச் சேந்தே? எந்தக் கம்பெனில பயிற்சி எடுத்தே? எவன் உனக்குச் சொல்லிக்கொடுத்தான்?"

இண்டர்காம் மறுபடி கரகரத்தது.

"உங்க கம்பெனிலதான் மேடம்" என்றாள் அந்தப் பெண். "போன வருஷம். பிளாஸ்க்குனு கூப்பிடுவீங்களே, அது நான்தான்."

வாத்தியார் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

பிளாஸ்க். ஆமாம், நினைவு இருக்கிறது. பெரிய பச்சை பிளாஸ்க்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள். ஒரு நாளும் டீ சிந்தியதில்லை, ஒரு நாளும் முகம் கோணியதில்லை. ஒரு தடவை மெஷின் ரூம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தவளை, "அங்க உனக்கென்ன வேலை, போ" என்று விரட்டியதும் இப்போது நினைவுக்கு வந்தது. பெயர்தான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சான்றிதழில் கையெழுத்துப் போட்டபோது அந்தப் பெயரைப் படித்திருக்கத்தானே வேண்டும்? படிக்கவில்லை. அவமானத்தில் முதலாளியம்மாவுக்குக் காது சுட்டது.

அவர் எழுந்து இண்டர்காமுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"உன் பேரைச் சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். அவர் அதைத் திருப்பி ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி, இப்ப நான் சொல்றதை மட்டும் செய். புரியலேன்னா புரியலேன்னு சொல்லு. தெரிஞ்ச மாதிரி தலையாட்டாதே."

முதலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். அணைத்துவிட்டேன் என்றாள். பையில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், சுவிட்சை அதே நிலையில் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். நாம் கை வைத்திருக்கும்போது வேறு எவனாவது வந்து போட்டுவிடக் கூடாது அல்லவா? அந்தப் பூட்டு எதற்கென்றே தனக்கு இதுவரை தெரியாது என்று அவள் சொன்னாள். அடுத்து, எல்லா மாடியிலும் கதவு சாத்தியிருக்கிறதா என்று காவலாளியை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். கயிற்றின்மேல் பூசியிருக்கும் மஞ்சள் அடையாளங்களைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு அடையாளமும் ஒரு மாடி என்று விளக்கினார்.

"இப்ப பிரேக்கை விட்டா வண்டி எந்தப் பக்கம் போகும், சொல்லு பாப்போம்."

"கீழ?"

"கீழயா? உள்ள ரெண்டே பேரு. கயித்தோட அந்த முனைல தொங்குற எதிர்எடை எங்களைவிடக் கனம். அது கீழ இறங்கும், நாங்க மேல வருவோம். பயப்படாதே. ஒரு கை சக்கரத்துல, ஒரு கை பிரேக் கம்பில. லேசா விடு, உடனே பிடி. அவசரப்படாதே."

சொல்லி முடித்ததும்தான் அவருக்கு உறைத்தது. தன் உயிரும் கணவர் உயிரும் இப்போது அந்தக் கையில். பயிற்சிக் காலம் முழுக்க பிளாஸ்க்கைத் தவிர எதையும் தொடவிடாத அதே கை. மேலே ஏதோ கிரீச்சிட்டது. வாத்தியார் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மெல்ல அசைந்து, நின்று, மறுபடி அசைந்து, குழந்தை நடை பழகுவது போல மேலே வந்தது.

"மஞ்சளுக்கு நேரா வந்துடுச்சு மேடம்." அந்தக் குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

"பிரேக் முழுசாப் பிடிச்சிருக்கா பாரு. பாத்துட்டு இறங்கி வந்து கதவைத் திற."

கதவு திறந்தது. கையெல்லாம் கிரீஸோடு பிளாஸ்க் நின்றாள். வாத்தியார் வெளியே கால் வைத்ததும் அவள் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவர் பாடுபடவில்லை.

மேஸ்திரி அப்போதுதான் படியேறி வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்து ஏதோ ஆரம்பித்தார். அவளைத் திட்ட வேண்டாம், லிஃப்ட்டை மேலே கொண்டுவந்தது அவள்தான், தான் வாயால் சொன்னதோடு சரி என்று முதலாளியம்மா குறுக்கே புகுந்தார். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். மேஸ்திரி கேட்டுவிட்டு, கோபப்படாமல் ஒன்று சொன்னார்.

"இந்தப் பொண்ணை நாங்க எடுத்ததே உங்க கையெழுத்தைப் பாத்துத்தாங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட முதலாளியம்மா தாங்கியிருப்பார்.

வேலை முடிந்ததும் தினமும் மாலையில் அவளைத் தன் கம்பெனிக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டார். மெஷின் ரூமில் நிற்க வைத்துத் தானே சொல்லிக்கொடுப்பதாகவும், அதுவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். பிறகு, பார்ப்போம், அவள் வரட்டும் என்றார். அந்தப் பெண் பாக்கெட்டிலிருந்த பூட்டுச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மிச்சமிருந்த ஒரு மாடியைக் கணவரும் மனைவியும் அந்தப் பெண்ணுமாக மூவரும் படியில் ஏறினார்கள். புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முதலாளியம்மா முன்னால் போனார். மண்டபத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்து, ஆளைக் காணோம் என்று விழித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அந்தப் படம் ஓடியது: சீருடை, வரிசை, ஆளுக்கொரு ஸ்பானர். கடைசியில் நின்ற ஒல்லிப் பெண் ஸ்பானரைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். இத்தனை நாளும் அந்தப் படம் முதலாளியம்மாவின் மேசைக்கு எதிரே மாட்டியிருந்தது. இன்றுதான் அது கண்ணில் பட்டது.

சங்கத் தலைவர் விருதை நீட்டினார். முதலாளியம்மா அதை வாங்கவில்லை. கும்பிட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றவளைக் கைகாட்டினார். சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்தவர்களில் பலரும் முதலாளிகள்.

"இப்படி ஒரு விருது வேணும். பிள்ளைங்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கறவங்களைப் பாராட்டத்தான் வேணும், இல்லேன்னா யாரு மெனக்கெடுவாங்க?" என்றார். "ஆனா எத்தனை பேரை எடுத்தோம்னு எங்ககிட்ட கேக்காதீங்க. என்ன கத்துக்கிட்டீங்கன்னு அவங்ககிட்ட கேளுங்க. பயிற்சிங்கறது பிள்ளையை நம்ம வாசல்ல நிக்கவைக்கறது இல்ல, நம்பி உள்ள விடறது. சொல்லிக்கொடுக்காம நான் போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்து. அந்தப் பொய்க்குள்ளதான் இன்னைக்கு நானே மாட்டிக்கிட்டேன். என்னை வெளிய எடுத்தது அந்தப் பொண்ணு."