தவக்காலத்தில் வந்த தட்டு

ராயபுரத்தில் ஒருவனைப் பார்த்து ‘உனக்குப் பேரம் பேசத் தெரியல’ என்று சொன்னால், அவன் ஏழு தலைமுறையைத் திட்டியதாகக் கணக்கு. ஸ்டானிஸ்லாஸுக்கு அந்தத் திட்டு ஒரு தடவை விழுந்திருந்தது. திட்டியவள் அவன் மனைவி எல்சி. அதற்கான அத்தாட்சி மொட்டை மாடியில் இன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம் லேசர் டிஸ்க் என்று ஒன்று வந்தது. தோசைக்கல் அகலம், கண்ணாடி மினுக்கு. இனிமேல் கேசட்டெல்லாம் குப்பைக்குத்தான் என்று எவனோ சொன்னதை நம்பி, வீட்டின் முன்னறையில் நடத்திவந்த ‘ஸ்டானி வீடியோஸ்’ வாடகைக் கடைக்கு ஒரு டெக்கும் கை நிறையத் தட்டுகளும் வாங்கிப் போட்டான் ஸ்டானி. அப்புறம் உள்ளங்கை அகலத்தில் வி.சி.டி. வந்தது. தோசைக்கல்லைத் தொட ஆளில்லை. மாடியில் நெத்திலி காயப்போட்டுக் கருவாடு விற்கிற எல்சி, அந்தத் தட்டுகளின் நடு ஓட்டையில் கயிறு கட்டி, நெத்திலிக்கு மேலே வரிசையாகத் தொங்கவிட்டாள். காற்றில் சுழலும், வெயில் பட்டால் பளீரென்று கண்ணில் அடிக்கும், காக்கா கிட்டே வராது.

“அம்மாம் காசுக்கு இந்த வேலையாவது செய்யுதே” என்றவள், அன்றைக்கே தீர்ப்பும் எழுதினாள். “இன்னொரு தபா இது மாதிரி வாங்கினேன்னு வெச்சுக்க, முன் ரூமு எனக்கு. கடையைத் தூக்கிட்டு கருவாட்டு மூட்டையை அடுக்கிடுவேன். ஆமா.”

எல்சி சொன்னால் சொன்னதுதான். வி.சி.டி. போய் டிவிடி வந்தபோதும் ஊரே மாறிய பிறகுதான் ஸ்டானி மாறினான். அவ்வளவு பயம்.

ரெண்டாயிரத்து எட்டு பிறந்தபோது வேறு பயம் வந்தது. பிளாட்ஃபாரத்தில் டிவிடி வெற்றிலைபாக்கு விலைக்கு விற்றது. டீ விலைக்குச் சொந்தமாகவே கிடைக்கிற படத்தை வாடகைக்கு எடுக்க எவன் வருவான்? கடையில் ஈ கூட வாடகை கேட்டுத்தான் உட்கார்ந்தது. இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் மனோகரன். கப்பலில் வந்து இறங்கும் சாமான்களை வாங்கி விற்பவன். கையில் பை வைத்துக்கொள்ள மாட்டான். வாய் இருக்கும்போது பை எதற்கு?

“இன்னா நைனா, கடை காத்தாடுது?” என்றபடி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“காத்து வரட்டும்னுதான் ஃபேனை நிறுத்தி வெச்சிகீறேன். இன்னா சரக்கு?”

ஆட்டோவிலிருந்து ஒரு கறுப்பு மெஷினை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான் மனோகரன். “ஹெச்.டி. டிவிடி. டிவிடிக்கு அப்பன். போட்டுப் பாத்தேன்னா கதாநாயகி மூஞ்சில கீற பவுடரை எண்ணிடலாம்.”

“ப்ளூ-ரேன்னு வேற ஒண்ணு சொல்லிகினு கீறானுங்களே?”

“கீது. அது ஒரு கோஷ்டி, இது ஒரு கோஷ்டி. ரெண்டு பேருக்கும் சண்டை. அவன் தட்டு இவன் மெஷின்ல பாடாது, இவன் தட்டு அவன் மெஷின்ல பாடாது. ரெண்டு தட்டையும் பக்கத்துல வெச்சா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. மாத்திப் போட்டா மட்டும் மெஷினு மூஞ்சைத் திருப்பிக்கும்.”

“அப்ப வாங்குறவன் கதி?”

“வாங்குறவன் எது மலிவோ அங்க போவான். ப்ளூ-ரே பாதி சொத்தைக் கேக்குது. இது அதுல பாதி. பழைய டிவிடியும் இதுல பாடும். கேசட்டு வந்த காலத்துலயும் ரெண்டு கோஷ்டிதான நைனா? ஒசத்தியா கீறது செத்துச்சு, மலிவா கீறது பொழச்சுது. நம்ம ஜனம் எந்தப் பக்கம் சாயும்னு ஒனக்கு நான் பாடம் எடுக்கணுமா?”

ஸ்டானிக்கு இந்த நியாயம் சுரீரென்று உறைத்தது. துறைமுக ஆபீசர்கள் சிலர் சுவரில் மாட்டுகிற பெரிய டி.வி. வாங்கியிருந்தார்கள். பிளாட்ஃபாரத்தில் கிடைக்காத ஒன்றை அவர்களுக்கு வாடகைக்கு விட்டால் கடை பிழைக்கும். எட்டு மெஷின், நூறு தட்டு, மொத்தமாக. ஆனால் ஆசையை முகத்தில் காட்டினால் அவன் ஸ்டானி இல்லை. விலையைக் கேட்டதும் சிரித்தான். மனோகரன் கோபித்துக்கொண்டு எழுந்து போனான். மறுநாள் அந்தப் பக்கமாக யதேச்சையாக வந்தான். ஸ்டானி வேறு எங்கோ பார்த்தபடி ஒரு விலை சொன்னான். இந்த முறை மனோகரன் சிரித்தான்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. மனோகரன் ஐம்பது ரூபாய் இறங்க ஒரு டீ, ஒரு பெருமூச்சு, செத்துப்போன அம்மா மேல் ஒரு சத்தியம் வேண்டும். கடைசியில் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம் இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். காலையில் சரக்கு வரும், வந்ததும் பணம்.

மறுநாள் காலை பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்த எல்சி, புருஷன் அலமாரியைத் துடைப்பதைப் பார்த்து நின்றாள். கல்யாணமான நாளாக அவன் அலமாரி துடைத்து அவள் பார்த்ததில்லை.

“இன்னா வரப்போவுது?”

ஸ்டானி சொன்னான். ப்ளூ-ரே, ஹெச்.டி., மலிவு, ஆபீசர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில். எல்சி முழுக்கக் கேட்டுவிட்டு, “ஈஸ்டருக்கு அப்பால வரச்சொல்லு” என்றாள்.

“இன்னாமே?”

“தவக்காலம். ஆண்டவரு பாடுபடுற நாள்ல எங்கம்மா வூட்டுல ஒரு கரண்டி கூட புதுசா வாங்க மாட்டோம். இந்த வூட்டுலயும் வாங்கினதில்ல. ஒனக்குத் தெரியாதா?”

“இது வூட்டுக்கு இல்லமே, கடைக்கு!”

“கடைக்கும் வூட்டுக்கும் வாசப்படி ஒண்ணுதான?”

“நீ மட்டும் கருவாடு விக்கிற? ஊரே கறியை நிறுத்துற தவக்காலத்துலதான் ஒனக்கு சீசனே!”

“விக்கிறது வயித்துக்கு. வாங்குறது ஆசைக்கு.”

ஸ்டானி நேரே கோயிலுக்கு நடந்தான். பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியொரு சட்டம் திருச்சபையில் எங்கேயும் கிடையாது, தாராளமாக வாங்கலாம் என்றார். ஸ்டானி சிலுவைப்போரில் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்குத் திரும்பினான். எல்சி நெத்திலியைப் புரட்டிப் போட்டபடியே கேட்டாள்:

“சாமியாருக்குப் பொண்டாட்டி கீதா?”

“இல்ல.”

“அப்ப அவருக்கு இன்னா தெரியும்?”

மனோகரனோ குதித்தான். “ஈஸ்டர் வரைக்கும் வெச்சிருக்க அது இன்னா நெத்திலியா நைனா, காஞ்சிகினே கெடக்க? திருவொத்தியூர்ல ஒருத்தன் தெனம் ஃபோன் பண்றான். அடுத்த புதனுக்கு அடுத்த புதன். அதுக்கு மேல ஒரு நாள் தாங்காது. ஜகா வாங்கிடாத.”

பேரத்தில் ஜகா வாங்கினான் என்று ஊர் பேசுவதா? அதைவிட, கைக்கு வந்ததைத் திருவொத்தியூர்க்காரன் தட்டிக்கொண்டு போவதா? ரெண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்த ஸ்டானிக்கு ஓர் ஓட்டை கிடைத்தது. நாலு கடை தள்ளிக் கப்பல் கயிறும் தார்ப்பாயும் விற்கும் தாவூது, அவனுக்குப் பால்ய தோஸ்து. அவருக்குப் பின்கட்டில் ஒரு குடோன்.

“சரக்கு ஒன் குடோன்ல எறங்கட்டும் மாமு. ஈஸ்டர் கழிச்சு நான் எடுத்துக்கறேன். என் வாசப்படியைத் தாண்டல, பாவமும் இல்ல.”

தாவூது தாடியைத் தடவினார். “எங்க வூட்டுல தவக்காலம் இல்லதான். ஆனா எல்சி தங்கச்சி கேட்டா நான் இன்னா சொல்றது?”

“நீ ஏன் சொல்ற? அவ கேட்டாத்தான?”

குடோனில் ஒரு மூலை பெருக்கப்பட்டது. பணம் ஒரு மஞ்சள் பையில் தயாரானது. ஸ்டானிக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. மாடியில் காற்றுக்குத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதி ‘டொக், டொக்’ என்ற சத்தம், முன்னறையில் மூட்டை அடுக்குகிற சத்தம் மாதிரியே கேட்டது.

சொன்ன புதன் வந்தது. காலை நாஸ்டா முடிவதற்குள் ஆட்டோவும் வந்தது. மனோகரன் இறங்கினான். வழக்கமாக வெள்ளைச் சட்டையில் சுருக்கம் இல்லாமல் வருபவன், அன்றைக்கு முதுகெல்லாம் நனைய வியர்த்திருந்தான்.

“நைனா, எங்க எறக்கணும், சொல்லு. இன்னொரு விஷயம். பழகிட்டோம். பேசின விலையில ரெண்டாயிரம் கொறைச்சே குடு.”

ஸ்டானியின் கை மஞ்சள் பைக்குள் போன இடத்திலேயே நின்றது.

டீ கேட்கவில்லை. பெருமூச்சு விடவில்லை. அம்மாவை இழுக்கவில்லை. மனோகரன், தானாக, ரெண்டாயிரம்!

மூர் மார்க்கெட்டில் பழைய கடிகாரம் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் ஸ்டானியின் அப்பா. ‘டேய், கேக்காம விலை எறங்குச்சுன்னா பொட்டிக்குள்ள பொணம் கீதுன்னு அர்த்தம்’ என்பார். ஸ்டானி ஒரு சோதனை வைத்தான்.

“ரெண்டாயிரம் பத்தாது மனோகரு. நாலு.”

“நாலே வெச்சுக்க.”

ஸ்டானி மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “செத்த இரு. எல்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்” என்று எழுந்தவன், எல்சி இருக்கிற திசைக்கு நேர் எதிராக நடந்தான். நடந்தான் என்பது மரியாதைக்கு; ஓடினான்.

கப்பல் வரத்துப் பார்ப்பதற்காக தாவூது தினமும் இங்கிலீஷ் பேப்பர் வாங்குவார். கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே அதைத்தான் விரித்து வைத்திருந்தார். ஸ்டானியைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

“நானே ஆள் அனுப்பலாம்னு பாத்தேன் மாமு. பணம் குடுத்துட்டியா?”

“இன்னும் இல்ல. ஏன்?”

“யா அல்லாஹ், தப்பிச்ச! ஒன் பொட்டி பேரு ஹெச்.டி.தான? அத்தைக் கண்டுபுடிச்ச ஜப்பான்காரனே கையைத் தூக்கிட்டானாம். இனிமே பண்ணப் போறதில்லையாம். பெரிய படக் கம்பெனிங்க ப்ளூ-ரே பக்கம் தாவிடுச்சாம். சண்டை முடிஞ்சுபோச்சு.”

ஸ்டானி பேப்பரை வாங்கிப் படித்தான். பாதி புரிந்தது, அந்தப் பாதியே போதும். மலிவானது ஜெயிக்கும் என்ற நியாயம் சரிதான். ஆனால் படம் போடுகிறவனே வேறு பக்கம் போய்விட்டால், மலிவான மெஷினில் எதைப் போட்டுப் பார்ப்பது? கல்யாண மண்டபம் மலிவாகக் கிடைத்தது, மாப்பிள்ளைதான் இல்லை என்கிற கதை.

அங்கேயே ஒரு கயிற்றுச் சுருள்மேல் குந்தினான். மஞ்சள் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டான். சிரிப்பு வந்தது. தாவூதுக்கும் வந்தது. ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கடைக்கு வந்த ஒரு மீனவர் கயிறு வாங்காமல் பயந்து திரும்பிப் போனார்.

“செத்துப்போச்சாம், பேப்பர்லயே போட்டுட்டான்!” என்று தெருவிலிருந்தே கத்தியபடி கடைக்குத் திரும்பி, பேப்பரை மேசைமேல் வைத்தான் ஸ்டானி. மனோகரன் அதைத் தொடவில்லை. அவன் ஏற்கெனவே படித்திருந்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

“காலையிலதான் பாத்தேன் நைனா” என்றான் தணிந்த குரலில். “அந்தத் திருவொத்தியூர்க்காரனும் பாத்துட்டான். நீ மட்டும் பாக்கலையேன்னு...”

“அப்ப திருவொத்தியூர்க்காரன்னு ஒருத்தன் நெஜமாவே கீறானா?”

“அம்மா மேல சத்தியமா!”

ஸ்டானிக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. மயிரிழையில் தப்பித்தவனுக்கு உலகமே சொந்தக்காரன். “வுடு. நானா இருந்தாலும் எறக்கிப் பாத்திருப்பேன். டீ குடி. பழைய டிவிடி பாடுதுன்னியே, அப்ப டிவிடி டெக்குன்னே சொல்லி, டிவிடி விலைக்கே தள்ளிவுடு. பொய்யும் இல்ல, போட்ட காசுல பாதியாவது வரும்.”

“மெஷினு போயிடும். இந்த நூறு தட்டை எவன் வாங்குவான் நைனா?”

“நான் வாங்குறேன்” என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. இருவரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தாள் எல்சி. எவ்வளவு நேரமாக நின்றாளோ. “பழைய தட்டுல பாதி மினுக்குப் போயிடுச்சு, காக்காவுக்கு பயம் வுட்டுப்போச்சு. ஒரு கிலோ நெத்திலி தரேன். போட்டுட்டுப் போ.”

“நூறு தட்டுக்கு ஒரு கிலோவாக்கா? அநியாயம்!” மனோகரனுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. “மூணு!”

“ஒண்ணரை. தவக்காலத்துல கருவாடு இன்னா விலைன்னு மார்க்கெட்ல கேட்டுட்டு வா.”

“ரெண்டு. எங்கம்மா மேல...”

“ஒங்கம்மா நிம்மதியாத் தூங்கட்டும். ரெண்டு.”

ஸ்டானி அண்ணாந்து பார்த்தான். “இன்னாமே, தவக்காலத்துல வூட்டுக்குள்ள புதுசு வரக்கூடாதுன்னியே?”

“புதுசு எங்க கீது? அதான் செத்துப்போச்சுன்னு பேப்பர்லயே போட்டுட்டான்னு கத்திகினு வந்தியே” என்றாள் எல்சி. கருவாடு நிறுக்க உள்ளே திரும்பியவள் நின்று, “ஆமா, தாவூது பாய் குடோனை யாருக்காகப் பெருக்கி வெச்சாராம்? அவரு சம்சாரம் காலையில நெத்திலி வாங்க வந்தப்ப கேட்டுச்சு” என்றாள்.

ஸ்டானி ஆட்டோவிலிருந்து தட்டுப் பெட்டியை இறக்கப் போனான். எல்சியும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முன்னறை இன்னும் கடையாகத்தான் இருந்தது. அவள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய மன்னிப்பு.

சாயங்காலம் வரை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகக் கயிறு கட்டினான். யாரும் சொல்லாமலே கட்டினான். கயிறு தாவூது கொடுத்தது, இனாமாக. பழைய தோசைக்கல் தட்டுகள் ஒரு வரிசை, இன்றைக்கு வந்த சின்னத் தட்டுகள் ஒரு வரிசை. கடல்காற்று ஏறியதும் எல்லாம் சேர்ந்து சுழன்றன. தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார்ந்த ஒரு காக்கா, எதைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியாமல், பெரிய தட்டையும் சின்னத் தட்டையும் தலையைச் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

“அவசரப்படாத” என்றான் ஸ்டானி அதனிடம். “ஈஸ்டர் வரைக்கும் பொறு.”