நாகதொட்டியின் தொண்ணூற்று நான்கு டெசிபல்

1

இந்தக் கதை ஒரு பொய்யான வாக்கியத்திலிருந்து வந்தது. அதை எழுதியவன் நான்.

2008-ல் ஓசூரில் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்துக்குத் தமிழ்ச் சுருக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு திட்டம் வருமுன் அதனால் நிலத்துக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் என்ன கேடு என்று முந்நூறு பக்கத்தில் ஆங்கில அறிக்கை தயாராகும். ஊர்மக்களுக்காக அதைப் பன்னிரண்டு பக்கமாகச் சுருக்குவது என் வேலை. அப்படி ஒன்றின் பதினோராம் பக்கத்தில் எழுதினேன்: ‘திட்டப் பகுதியில் யானை நடமாட்டம் காணப்படவில்லை.’ ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது. பிழையில்லாத தமிழ்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதை வாசித்தபோது மண்டபமே சிரித்ததாம். நான் அங்கில்லை. அன்று பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். அந்தக் கதை இதில்லை.

ஆகவே கூட்டத்துக்குப் போய்வந்த மூன்று பேரிடம் கேட்டு எழுதுகிறேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒத்துப்போகாத இடங்களில் எனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டேன். பெயர்களை மாற்றிவிட்டேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘பூமிக்கடியில் மூவாயிரம் அடி ஆழத்தில் எரிவாயு உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப நாகதொட்டியின் மேய்ச்சல் நிலத்தில் துளையிடும் கோபுரம் ஒன்று—’

(இங்கே நிறுத்தினேன். நிலவியல் படித்த நண்பன் அக்பர் பாஷாவிடம் வாசித்துக் காட்டியது தவறு. “டேய், நம்ம ஊருக்குக் கீழ கருங்கல்லைத் தவிர ஒண்ணும் கெடையாது. கேஸ் தோண்டணும்னா கதையத் தூக்கிக்கிட்டுக் கடலோரம் போ” என்றான்.)

கோபுரத்தைப் பிரித்தேன். வாயு கடலோரத்திலிருந்தே வரட்டும். உண்மையான திட்டமும் அதுதான். ஓசூர் ஆலைகளுக்கு ஒரு குழாய். வழியில் வாயுவை அழுத்தித் தள்ள ஒரு நிலையம். அதற்கு நாற்பது ஏக்கர் தேவை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாகதொட்டியின் மேய்ச்சல் புறம்போக்கைக் காட்டியிருந்தார்கள். அரசு நிலம், யாரையும் கிளப்ப வேண்டியதில்லை.

யாரையும் என்றால் மனிதர்களை. ராகி அறுவடைக் காலத்தில் யானைக்கூட்டம் காட்டுக்குக் காடு கடப்பது அந்த நாற்பது ஏக்கர் வழியாகத்தான். அங்கே கம்பிவேலி போட்டு, இரவுபகலாக இயந்திரத்தை ஓடவிட்டால் கூட்டம் ஒதுங்க ஒரே இடம்தான் இருக்கிறது: ஊர். அறுபத்திரண்டு வீடுகள்.

கதையில் பணயம் இவ்வளவுதான். வேறு எதையும் தேடவேண்டாம்.

3

இரண்டாம் தொடக்கத்தில் பிரதாப் வருகிறான். இருபத்தேழு வயது. மதுரைப் பக்கத்துக்காரன். வேதியியல் பட்டதாரி. நிறுவனத்தில் கள உதவியாளன். வேலை: காற்றைப் பிடிப்பது, தண்ணீரை மொள்வது, சத்தத்தை அளப்பது.*

* முதல் வரைவில் அவனுக்கு மனைவி இருந்தாள். தொலைபேசியில் பேசுவாள். அவள் பேசும் வசனம் எனக்கு எழுத வரவில்லை. எடுத்துவிட்டேன்.

தை மாதம். பிரதாப் நாகதொட்டியில் ராகி பயிரிடும் நஞ்சம்மாவின் வீட்டு மொட்டைமாடியில் இரைச்சல்மானியை வைத்தான். அது தானாக அளந்து பதிந்துகொள்ளும். காலையில் வந்து எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் போதும். ஒன்பது மணிக்கு வந்தவன் எண்களைப் பார்த்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு முப்பத்தெட்டு டெசிபல். ஒரு மணிக்குத் தொண்ணூற்று நான்கு. பெட்டியைத் தட்டிப் பார்த்தான். அது பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

“அக்கா, ராத்திரி இங்கன ஏதும் விசேசமா?”

நஞ்சம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

“கல்யாணந்தான். மாப்ள ஊட்டுக்காரங்க பதினோரு பேரு. பந்தில ஒக்காராம ராகிய நின்னுக்கினே சாப்புட்டுப் போனாங்க.”

“யாருக்கா மாப்ள?”

“கொம்பு வச்சவன்.”

அவன் சிரித்து முடிப்பதற்குள் அவள் விளக்கினாள். யானை வந்தால் ஊரே எண்ணெய் டின்னைத் தட்டும். தட்டத் தட்ட அதுகள் புறம்போக்குப் பக்கம் திரும்பிப் போய்விடும். கருவி அங்கிருந்த மூன்று நாளும் அதுதான் நடந்தது. மூன்று நாளும் பிரதாப் தேதி போட்டு எழுதிக்கொண்டான்.

அலுவலகத்தில் மேலாளர் தங்கமணி எண்களைப் படியெடுத்திருந்த தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“கிராமத்துல ஏதுப்பா தொண்ணூத்தி நாலு? அது ஃபேக்டரி லெவல். மெஷின் கோளாறு. எடுத்துட்டு ஆவரேஜ் போடு.”

“யானை சார்.”

“யானை வேற சேப்டர். அதை சர்வே பண்ண ஆளுங்க பாக்கலன்னு எழுதிட்டாங்க.” (அவர்கள் ஒரு நாள் போனார்கள். பகல் பதினொரு மணி. ஜீப்பை விட்டு இறங்கியதாகத் தகவல் இல்லை.)

எண் அழிந்தது. அறிக்கை முடிந்தது. அந்த அத்தியாயம் என் மேசைக்கு வந்தது. நான் அதைப் பிழையில்லாத தமிழாக்கினேன்.

4

ஆவணியில் கூட்டம். தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் வருவாய்த்துறை அதிகாரி, ஐம்பது வயது அம்மையார். ஒரு பக்கம் எரிவாயு நிறுவனத்தின் பொறியாளரும் தங்கமணியும். மேசையில் கருவிகளைப் பரப்பிவைத்திருந்தார்கள், ஆய்வு நவீனமாக நடந்தது என்று காட்ட. கருவிகளுக்குக் காவலாகப் பிரதாப்.

சுருக்கத்தை வாசித்தார்கள். சிரிப்பு. நஞ்சம்மா ஒலிபெருக்கிக்கு வந்தாள்.

“ஆனெ காணலைன்னு எழுதன மகராசன் யாரு? அவன ஒரு ராத்திரி எங்கூட்டு மாடில படுக்கச் சொல்லுங்க. காலைல ஆளு இருந்தா மிச்சத்தப் பேசலாம்.”

(இந்த வசனத்தை மட்டும் மூவரும் எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள். என்னால் தவிர்க்க முடியவில்லை.)

பேசிக்கொண்டே மேசையைப் பார்த்தவள் நின்றாள்.

“அட, இது எங்கூட்டு மேல மூணு நாளு குந்தியிருந்த பொட்டியாச்சே! அதுக்குத் தெரியுமே. அதயே கேளுங்க மேடம்.”

“அந்த மூணு நாளும் மெஷின் ஃபால்ட் மேடம்” என்றார் தங்கமணி.

“அளந்தது யாரு?” என்றார் அதிகாரி.

இங்கேதான் நான் பத்து நாள் நின்றேன்.

வரைவு அ: பிரதாப் தலைகுனிந்து நிற்கிறான். கூட்டம் முடிகிறது. (உண்மைக்கு மிக நெருக்கம். நானாக இருந்தால் அதுதான்.)

வரைவு ஆ: பிரதாப் எழுந்தான். அவன் கண்களில் ஒரு— (வேண்டாம். அவன் கண்களில் எதுவும் வேண்டாம்.)

வரைவு இ: “நான்தான் மேடம். மெஷின் நல்லாருக்கு” என்று பிரதாப் சொன்னான். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய் மேடையில் வைத்தான்.

இவன் அதைச் செய்வானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவன். அவனிடமே கேட்டேன். “நீங்க யோசிக்கிற அளவுக்கெல்லாம் நான் யோசிக்கலண்ணே. அந்தம்மா கேட்டுச்சு, நான்தான அளந்தேன்?” என்றான். ஆகவே வரைவு இ.

5

அதிகாரி மூன்று தேதிகளையும் வாய்விட்டுப் படித்தார். “ராத்திரி ஒரு மணி, தொண்ணூத்தி நாலு. இது என்ன சத்தம்?”

“டின் அடிக்கிறது மேடம்.”

“லாரியா இருக்கலாம்” என்றார் பொறியாளர். “எண்ணைப் பாத்து யானைன்னு எப்படிச் சொல்றது?”

நஞ்சம்மா அதற்குள் திரும்பிவிட்டாள். “ராமப்பா! சமையக்கட்டுல காலி டின்னு கெடக்குது பாரு. எடுத்தா.”

ராமப்பன் அவள் தம்பி. பதினைந்து கிலோ எண்ணெய் டின்னோடும் ஒரு கம்போடும் ஓடிவந்தான். பிரதாப் கருவியை இயக்கி அதிகாரி முன் வைத்தான்.

“நாங்க டின்னு தட்டுற கொல்லைக்கும் எங்கூட்டுக்கும் எவ்ளோ தூரம் தம்பி?”

“முப்பது அடி இருக்கும்க்கா.”

அவள் முப்பது அடி எண்ணி நடந்தாள். மண்டபத்தின் நடுவில் நின்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடித்தாள்.

எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று நான்கு.

(ஒருவர் தொண்ணூற்று மூன்று என்றார். இன்னொருவர் தொண்ணூற்றைந்து. கதை என்னுடையது.)

அதிகாரி பொறியாளர் பக்கம் திரும்பினார். “ஏன் சார், லாரி இப்படித்தான் கத்துமா? மூணு நாளும் ராத்திரி ஒரு மணிக்கு ஊரே எழுந்து எதுக்கு டின் அடிக்கணும்?”

“தூக்கம் வராம வெளையாடுனோம்னு எழுதிக்கச் சொல்லுங்க” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இரண்டாம் வரிசையில் வனத்துறைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்தார். “மேடம், அந்த மூணு தேதியும் எங்க ரோந்துப் பதிவேட்டுல இருக்குது. பதினோரு யானை. புறம்போக்கு வழியாத்தான் கடந்துச்சி.”

அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். “எழுதிக்குங்க. யானை நடமாட்டம் உண்டு. ஆய்வு அறிக்கை ஏற்கத்தக்கதல்ல. மேய்ச்சல் புறம்போக்கு இந்தத் திட்டத்துக்கு உகந்ததல்ல. மாற்று இடம் பார்க்கவேண்டும்.”

(அவருக்கு உத்தரவு போட அதிகாரம் கிடையாது, பதிந்து மேலே அனுப்பத்தான் முடியும் என்பது எனக்குத் தெரியும். பதிந்தார். அனுப்பினார். நிலையம் இப்போது தொழிற்பேட்டையை ஒட்டிய காலிமனையில் இருக்கிறது. நாற்பது ஏக்கரில் ஒரு கம்பிகூட இல்லை.)

6

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

ஒன்றில் பிரதாப்புக்கு அன்று மாலையே வேலை போகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்கிறான். இன்னொன்றில் தங்கமணி அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓசூர் வரை வந்து, இறங்கும்போது, “எனக்கும் கிராமந்தாம்ப்பா” என்கிறார். மூன்றாவதில் தமிழ்ச் சுருக்கம் எழுதியவன் அந்தப் பதினோராம் பக்கத்தைத் திருத்தி எழுதுகிறான். எதை வைத்தாலும் மண்டபத்தைக் காலி செய்தாக வேண்டும்.

மண்டபத்திலோ அதிகாரி பதியச் சொன்னதை இப்போதுதான் வாசித்து முடித்திருக்கிறார்கள். ராமப்பன் சமையற்கட்டுக்குள் ஓடி இன்னும் நான்கு டின்களோடு வந்துவிட்டான். நாகதொட்டியே எழுந்து அடிக்கிறது. டின் கிடைக்காதவர்கள் நாற்காலியை அடிக்கிறார்கள். அதிகாரி “போதும், போதும்” என்கிறார், சிரித்துக்கொண்டே. பிரதாப் கருவியின் எண்களை வாய்விட்டுப் படிக்கிறான். நூறு. நூற்று மூன்று. நூற்றாறு. நஞ்சம்மா நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

அடுத்த வரியில் அவர்கள் நிறுத்தவேண்டும். அந்த வரியை நான் எழுதப்போவதில்லை.

கதை முடிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் எழுந்து மண்டபத்தின் நடுவுக்குப் போய், நஞ்சம்மாவின் கையிலிருந்து அந்தக் கம்பை வாங்கிப் பாருங்கள்.