மிளகாயை யார் கையில் கொடுப்பது?

கிரேன்காரிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்றைக்குக் காது சிவந்து ரொம்ப நேரமாகியும் வாய் திறக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து வாயடைத்துப் போயிருந்தாள். கழுத்தில் டை, விரல் நகத்தில் பொட்டு அழுக்கு கிடையாது. சுற்றிலும் கண்ணாடி, சோபா, காப்பி மெஷின். எஞ்சின் பழுது பார்க்கிற இடத்துக்கு வந்தோமா, நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டோமா என்று அவளுக்கே சந்தேகம்.

"முதல்ல திறந்து பாத்து, என்ன போச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் வேலையை உங்ககிட்ட தர்றதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்" என்றாள்.

"திறக்கிறதெல்லாம் பழைய காலம் மேடம். அப்படியே தூக்கிப் போட்டுட்டு வேற எஞ்சின் வெச்சுடுவோம்."

"எதனால கெட்டுச்சுன்னு தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு என்ன மேடம் பண்ணப் போறோம்?"

அடப்பாவி! செத்தவன் எதனால் செத்தான் என்று கேட்டால், கவலைப்படாதீங்க, வேற ஆள் தர்றேன் என்கிறானே! கிரேன்காரி எழுந்தாள். "ஏங்க, வாங்க போகலாம். இவங்க காப்பி நல்லாப் போடறாங்க, அதோட நிக்கட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் அவளுடைய கனத்த தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாதுவான மனுஷன். அவள் எங்கே சண்டைக்குக் கிளம்பினாலும் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வார். சண்டை போட இரண்டு கையும் வேண்டுமே! ஊரே அவளை ராட்சசி என்று சொன்னாலும் சரி, பின்னால் இந்த மனுஷன் நிற்கிறார் என்பது அவளுக்குப் பெரிய தெம்பு. இவ்வளவு கோபத்திலும் அது ஒன்றுதான் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கோபத்துக்குக் காரணம் மிளகாய். மிளகாய் என்றால் அவளுடைய கார். இரண்டே சீட், தரையோடு தரையாகப் படுத்திருக்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அவள் துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டுகிறவள். நாள் முழுக்க உச்சாணிக் கூண்டில் உட்கார்ந்து அடுத்தவன் சரக்கை ஆமை வேகத்தில் தூக்கி ஆமை வேகத்தில் இறக்குவாள். ஒரு ஆட்டம், ஒரு குலுக்கல் இருக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது பறக்க வேண்டாமா? ஓவர்டைம் பார்த்துச் சேர்த்து, ஓடாமல் கிடந்த அந்தக் காரை வாங்கினாள். எஞ்சினை அடியிலிருந்து புதுப்பிக்கிற வேலையை ஊரில் பேர் போன ஒரு பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஜனங்கள் வைத்த பேர் மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அளந்து சொல்லிவிடுவாள் என்று அந்தப் பேர்.

அங்கேயே காரில் பொருத்தவும் சொல்லியிருக்கலாம். வீட்டில் விட்டால்தானே! "சொந்தத் தம்பி ஷெட் வெச்சிருக்கான், பொருத்தற வேலையையாவது அவனுக்குக் குடும்மா" என்றார் வாத்தியார். மாமியாரும் அதே பாட்டு. சரி போகட்டும் என்று கொழுந்தனிடம் கொடுத்தாள். அவன் பொருத்தித் தந்த அன்றைக்கே கார் உதறியது. "புது எஞ்சின் அப்படித்தான் அண்ணி இருக்கும், ஓட ஓடச் சரியாயிடும்" என்றான். ஓட்டினாள். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற நீளச் சாலையில் டமார் என்று ஒரு சத்தம். மிளகாய் நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு போய் ஷெட்டில் விட்டார்கள். கொழுந்தன் எஞ்சினை வெளியே எடுத்து, காற்று போகிற குழாய்களை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு, "எஞ்சினைக் கட்டினவங்க சரியா கட்டலை அண்ணி" என்றான்.

மறுநாள் காலையில் கிரேன்காரி மைக்ரான் கடையில் ஆடின ஆட்டம் இருக்கிறதே! அங்கே வேறு இரண்டு பேர் வேலை கொடுக்க வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே, "ஏய், அளவு பாக்கிறவளா நீ? எடைக்குப் பழைய இரும்பு எடுக்கப் போ! உன் பேரைக் கேட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று கத்தினாள். மைக்ரான் திருப்பிக் கத்தவில்லை. "எஞ்சினைக் கொண்டு வாங்க. உங்க கண்ணு முன்னால திறக்கிறேன். திறக்காம நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்" என்றாள். "மறுபடியும் உன் கையில தர நான் என்ன கேனச்சியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று வாசல்வரை கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள். பின்னால் வாத்தியார், தோளில் பை.

இப்போது புதுக்கடை தேடி அலைந்ததில் நகைக்கடைக்காரனும் கழிந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாத்தியார் மெல்ல ஆரம்பித்தார்.

"தம்பியே திரும்பவும் செஞ்சு தர்றேங்கிறான்மா. காசுகூட வேண்டாமாம். எஞ்சின் அங்கேயே இருக்கட்டுமே."

"அவன் எப்பங்க காசு வேண்டாம்னு சொல்லியிருக்கான்? போன தடவை டயருக்குக் காத்து அடிச்சதுக்கே கை நீட்டினவன்!"

"குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"குடும்பம் சாப்பிடறதுக்கு உக்காரட்டும், எஞ்சின்ல எதுக்கு உக்காரணும்?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு ஒன்று உறைத்தது. கொழுந்தனுக்கு எஞ்சின் ஷெட்டை விட்டு நகரக் கூடாது. ஏன்? கேட்காமலே ஒருத்தன் 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்றால், குதிரைத் திறந்து பார்க்க வேண்டியதுதானே? யாராவது திறந்தே ஆகணும். நகைக்கடைக்காரன் திறக்க மாட்டான். கொழுந்தன் திறந்தால் அவன் சொன்னதுதான் சட்டம். திறக்கிறேன் என்று தைரியமாகச் சொன்னவள் ஒருத்திதான்.

"மைக்ரான்கிட்டயே கொண்டு போறேன். நாலு பேர் பாக்கத் திறக்கட்டும். அவ தப்பை அவ கண்ணாலயே பாக்கட்டும்" என்றாள்.

"எதுக்கும்மா திரும்பவும் சண்டை?" என்றார் வாத்தியார்.

"நீங்க பையைப் பிடிச்சுக்கோங்க, போதும்."

ஷெட்டில் கொழுந்தன் வழியை மறித்தான். "இப்ப எதுக்கு அண்ணி தூக்கறீங்க? செயின் சரியில்ல, அறுந்துடும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"செயினைப் பத்தி என்கிட்ட சொல்றியா தம்பி? தள்ளு." அவளே கொக்கியை மாட்டி, செயினை இழுத்து, எஞ்சினை ஒரு ஆட்டம் இல்லாமல் தூக்கி வாடகை வண்டியில் இறக்கினாள். வழக்கம்போல அவளுடைய பாடமும் கூடவே வந்தது. வீட்டில் எல்லாருக்கும் அது மனப்பாடம். "தூக்கு, இறக்குன்னு சொல்ல ஒரே ஆளுதான் இருக்கணும். ஆனா 'நிறுத்து'ன்னு எவன் வேணா கை காட்டலாம். கூட்டற ஆள் காட்டினாலும் நான் நிறுத்திடுவேன். ஆபத்தைக் கண்ணால பாத்துட்டுக் கையைத் தூக்காம நிக்கிறான் பாரு, அவன்தான் கொலைகாரன்." கொழுந்தன் தலையைச் சொறிந்தான். வாத்தியார் பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

மைக்ரான் கடையில் ஈ காக்கை இல்லை. சாம்பல் பெயின்ட் அடித்த தரை, சுவரில் ஒரு பெரிய காகிதச் சுருள், பூட்டின இழுப்பறைகளில் அளவுக் கருவிகள். எஞ்சின் மாட்டுகிற இரண்டு ஸ்டாண்டும் காலி.

"எங்க, கூட்டத்தைக் காணோம்?" என்று கிரேன்காரி குத்தலாகக் கேட்டாள்.

"நீங்க கத்தின அன்னைக்கு இங்க நின்ன ரெண்டு பேரும் வேலையை வேற இடத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அவங்க பத்துப் பேர்கிட்ட சொல்லியிருப்பாங்க" என்றாள் மைக்ரான், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே. அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். "எஞ்சினை இங்க வையுங்க. நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்காம."

காற்று போகிற ஆறு ஓட்டைகளையும் முதலில் டார்ச் அடித்துப் பார்த்தாள். மூன்றாவதில் கொஞ்ச நேரம் நின்றாள். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒழுங்காகத் தளர்த்தி, எஞ்சினின் தலையைக் கழற்றி, கவிழ்த்து வைத்தாள். மூன்றாவது பிஸ்டன் எலி கடித்த மாதிரி இருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய வால்வு வளைந்து கிடந்தது. வால்வின் கழுத்தில் கறுப்பாக என்னமோ சுற்றியிருந்தது. மைக்ரான் அதை இடுக்கியால் பிடுங்கி, சுருளில் ஒரு துண்டுக் காகிதம் கிழித்து, அதன் மேல் பிரித்து வைத்தாள்.

துணி.

"குழாயைக் கழற்றி வெச்சிருக்கறப்போ உள்ள போல்ட் விழுந்துடாம இருக்கத் துணியை அடைப்பாங்க. ஒண்ணை எடுக்க மறந்துட்டுக் குழாயை மாட்டியிருக்காங்க. எஞ்சின் அதை இழுத்திருக்கு, வால்வு மூட முடியலை, பிஸ்டன் வந்து இடிச்சிருக்கு. நான் துணி அடைக்க மாட்டேன். நம்பர் போட்ட மூடி போட்டுத்தான் அனுப்புவேன். துடைக்கறதுக்கே இங்க காகிதம்தான்."

கிரேன்காரி குனிந்து பார்த்தாள். ஒரு ஓரம் கருகியிருந்தது. அதை அடுத்து மஞ்சள். மஞ்சளில் பாதி நீலப் பூ.

அவளுக்கு அந்தப் பூ தெரியும். கல்யாணமான புதிதில் இரண்டு பேருமாகப் போய் வாங்கின பெட்ஷீட். மஞ்சள் வேண்டும் என்றது அவர், நீலப் பூ வேண்டும் என்றது அவள். நைந்து போனதும் அவளே துண்டு துண்டாகக் கிழித்து, கை துடைக்க ஆகட்டும் என்று கொழுந்தன் ஷெட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். காது ஜிவ்வென்று சிவந்தது. "பாத்தீங்களாங்க, உங்க தம்பி பண்ணின..." என்று திரும்பினாள்.

வாத்தியார் துணியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு விஷயம் தெரிய வந்தால் யாரும் எட்டிப் பார்ப்பார்கள். அவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

வாத்தியார் பையை மறுதோளுக்கு மாற்றினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். தெரியுமா?"

"வண்டி நின்ன அன்னைக்குச் சாயங்காலமே சொன்னான்மா" என்றார். "பாதியை வெளிய இழுத்துட்டான், மீதி வரலை. என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். வெளிய தெரிஞ்சா ஷெட்டுக்கு ஒருத்தன் வர மாட்டான்னு... அவன் பொழப்பு... நான் என்ன பண்றது சொல்லு."

பாம்பும் சாகக் கூடாது, கம்பும் முறியக் கூடாது. அவர் சுபாவம் அவளுக்குப் புதிதா என்ன? அதையே நல்ல குணம் என்று இத்தனை நாள் மெச்சிக்கொண்டிருந்தாளே!

"அதுக்கு மறுநாள் காலைலதானே நான் இங்க வந்தேன்?"

"ஆமா."

"நான் இவங்களை அந்தப் பேச்சு பேசினேன். நீ என் பையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால நின்னே!"

கல்யாணமான நாளிலிருந்து வாங்க போங்க என்று பேசினவள் வாயில் 'நீ' வந்ததும் வாத்தியார் தலையைத் தூக்கினார். "நடுவுல புகுந்தா உனக்கு இன்னும் கோவம் வரும்னு..."

"பேச வேண்டாம்! வாயே திறக்க வேண்டாம்! ஒரு கையைத் தூக்கியிருக்கக் கூடாதா? என் தோளைத் தொட்டிருக்கக் கூடாதா? எவன் கை காட்டினாலும் நிறுத்தறவ நான். உன் கைக்கு நிறுத்த மாட்டேனா? தம்பி பொழப்பு போயிடும்னு இவங்க பொழப்பை என் வாயால கெடுக்க வெச்சியே! நீ என் பக்கம் நிக்கிறேன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து அவர் மேல் கோபம் வந்தது. கண்ணைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஏற்கெனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் கேளுங்க! அன்னைக்கு இங்க நின்னு கத்தினவ நான்தான். இவங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் எங்க வீட்டுல. எங்க வீட்டுத் துணி, எங்க வீட்டு ஆளு!" என்று அன்றைக்குக் கத்தின அதே சத்தத்தில் சொன்னாள். உள்ளே வந்து மைக்ரான் எதிரில் நின்றாள். "என்னை மன்னிச்சுக்கோங்க. இந்த வேலையை நீங்கதான் செய்யணும்."

"செய்யறேன்னு நான் இன்னும் சொல்லலையே" என்றாள் மைக்ரான். துணியிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள். "நீங்க கடை பாத்துத் தேடற மாதிரி நானும் ஆள் பாத்துத்தான் எஞ்சின் எடுப்பேன். போன தடவை அதுல ஏமாந்துட்டேன்."

கிரேன்காரிக்கு அது நியாயமாகப் பட்டது. காத்திருந்தாள்.

"கட்டறதும் நான், கார்ல ஏத்தறதும் நான். நடுவுல தம்பி, மச்சான்னு எவன் கையும் படக் கூடாது. வேலையை வேற இடத்துக்குக் கொண்டு போன அந்த ரெண்டு பேர்கிட்டயும் நீங்களே போய் நடந்ததைச் சொல்லணும். ஒத்துக்கிட்டா வண்டியை இங்க கொண்டு வாங்க."

"நாளைக்கே போறேன். எஞ்சினைத் தூக்கறப்போ செயினை மட்டும் நான் பிடிச்சுக்கட்டுமா?"

"நான் கை காட்டினாத்தான்" என்றாள் மைக்ரான்.

கிரேன்காரி வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீ வீட்டுக்குப் போ. உங்க அம்மாவையும் தம்பியையும் உக்கார வெச்சு நடந்ததை நீயே சொல்லு. சொல்லி முடிச்சப்புறம் எனக்குப் போன் பண்ணு. அது வரைக்கும் நான் வர மாட்டேன்."

"எப்படிம்மா சொல்லுவேன்?"

"உன் வாய்தான். உனக்குத்தான் தெரியணும்."

வாத்தியார் மெல்ல வாசலுக்கு நடந்தார். அவள் பின்னாலேயே போய், அவர் தோளிலிருந்த பையின் வாரைப் பிடித்தாள். பழக்கதோஷம், அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும்மா, கனமா இருக்கு, நான் தூக்கிட்டு வர்றேன்."

"கனம் எனக்குப் புதுசில்ல. விடு."

அவர் விட்டார். அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.