மூன்றாம் ஓலை

சுந்தர்ராஜ் வாத்தியாருக்குக் காதலிக்க நன்றாகவே தெரியும். காதலித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகத்தான் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஜெபராணி வீட்டுக்கு வந்து, அவள் படம் வரைகிற மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்துவிடுவார். அத்தை மகன், நிச்சயமும் ஆகிவிட்டது. யார் என்ன சொல்ல முடியும்? ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவள் அம்மா டூட்டி முடிந்து வரும்போதும் மாப்பிள்ளை அதே நாற்காலியில்தான் இருப்பார்.

ஜெபராணி சிவகாசித் தீப்பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறவள். பிசின் பூசிய தாளில் அவள் மசியால் வரைவதை அச்சாபீசில் அச்சுக்கல்லில் ஏற்றி ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். தாளில் விரலின் எண்ணெய் பட்டால் போச்சு. பார்த்தால் தெரியாது; கல்லில் ஏற்றிய பிறகுதான் கறுப்பாகப் பல்லை இளிக்கும். அதனால் மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள். வாத்தியாரோ வகுப்பில் பேசியது போதாதென்று இங்கேயும் பேசுவார். "என்ன நினைக்கே? என்னையத்தான?" என்பார். அவள் லேபிளில் வரைகிற மயிலின் கொண்டையை நினைத்துக்கொண்டிருப்பாள்.

அவர் மேல் பிரியம் இல்லாமலா? வெள்ளை வேட்டியில் அவர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்துவதைப் பார்த்தால் இன்னமும் அவளுக்கு வரைகிற கை நின்றுவிடும். எரிச்சலே அதுதான்.

"அத்தான், புதங்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் வாங்க. மத்த நாளு என்னையத் தனியா விடுங்க," என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"காதலுக்கு டைம்டேபிளா?" என்று சிரித்தார் மனுஷன். பெரிய தத்துவம் சொல்லிவிட்ட பெருமை வேறு.

வேதக்கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டென்றால் சொல்லுங்கள் என்று குருவானவர் மூன்று ஞாயிறு அறிவிப்பதுதான் ஓலை. மூன்றாவதற்கு முந்தின சனிக்கிழமை, அச்சாபீஸ் முதலாளி தனுஷ்கோடி புரூஃபைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"என்னம்மா, மயிலுக்கு அம்மையா போட்டிருக்கு?"

தோகையின் மேல் ஐந்து விரல்களும் கறுப்பாக அப்பியிருந்தன. ஜெபராணி திரும்பிப் பார்த்தாள். வாத்தியார் மடியில் வழக்கமான சாத்தூர் காரச்சேவுப் பொட்டலம்.

"நீ காப்பி போடப் போனப்ப தொட்டுப் பாத்தேன் புள்ள," என்றார் கூச்சமே இல்லாமல். "அம்புட்டு அழகா இருந்துச்சு!"

"திங்கக்கிழமை காலைல வேற படம் வரணும் தாயி," என்றார் முதலாளி. "இல்லைன்னா ஆர்டர் போயிரும். பொறகு உனக்கு வேலை குடுக்க முடியாது." போய்விட்டார்.

ஜெபராணி புரூஃபைக் கவிழ்த்து வைத்தாள். அப்பா செத்த பிறகு தானாகப் பிடித்த வேலை.

"போனாப் போகுது விடு," என்றார் சுந்தர்ராஜ். "கல்யாணத்துக்கப்புறம் வேலை எதுக்கு? நாந்தான் எந்நேரமும் பக்கத்துலயே இருப்பேம்லா." ஆறுதலாம்!

அவள் உள்ளறைக்குப் போய்த் தாழிட்டுப் புதுத் தாளை விரித்தாள். கால்மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. "ஜெபா, கோவமா?" கொஞ்ச நேரம் கழித்து, "காப்பி போட்டுத் தரவா?" அப்புறம், "நான் சத்தமே போடலை, பாத்தியா?" பொழுது சாய்வதற்குள் மயிலுக்கு ஒரு கால்தான் முளைத்தது.

மறுநாள் குருவானவர் மூன்றாம் ஓலையை வாசித்து முடித்து, வழக்கம்போல அடுத்த தாளைப் புரட்டப் போனார். பெண்கள் பக்கத்தில் ஜெபராணி எழுந்து நின்றாள்.

"தடை இருக்குய்யா."

"யாரு, கல்யாணப் பொண்ணா?" என்றார் குருவானவர்.

கோயில் மொத்தமும் திரும்பியது. அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு அத்தான் மேல பிரியம் உண்டு. இல்லைன்னு சொன்னாப் பொய்யி. ஆனா அவுக பக்கத்துல இருக்கையில என் மனசு வேலையத் தேடுது. வேலையில இருக்கையில அவுகளத் தேடலை." அம்மா மறுபடி இழுத்தும் அவள் உட்காரவில்லை.

குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். இப்படியொரு தடையை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆண்கள் பக்கத்தில் சுந்தர்ராஜ் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. இப்போதாவது அவருக்கு விளங்கியிருக்கும் என்று ஜெபராணி ஒரு நிமிஷம் நம்பினாள், பாவம்.

"அதுக்கென்ன புள்ள," என்றார். "சாயங்காலம் வீட்டுக்கு வாரேன். உக்காந்து பேசுவோம்."