சோகைக்கு வைத்த தீ

கரும்பு வெட்டிய கொல்லையில் கிடக்கும் காய்ந்த இலையைச் சோகை என்போம். எறையூர்ப் பக்கம் வெட்டு முடிந்ததும் அதற்குத் தீ வைத்துவிட்டுத்தான் மறுவேலை. நிலம் கருகருவென்று கிடந்தால்தான் குடியானவன் கொல்லை, இல்லாவிட்டால் அவன் சோம்பேறி. எவன் போட்ட சட்டமோ தெரியாது. என் அப்பனும் வைத்தான், நானும் வைத்தேன்.

2003இல் மழை மூன்றாவது வருஷமாக ஏமாற்றியது. மோட்டார் போட்டால் அரைமணி நேரத்தில் கிணறு வற்றி, குழாய் காற்றை இழுத்தது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்க வேண்டிய கரும்பு ஒரு ஏக்கர். அதை விட்டால் எங்களுக்கு வேறு வெள்ளாமை இல்லை. அதுவும் காய்ந்தால், மச்சினன் பனியன் கம்பெனியில் இருக்கும் திருப்பூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

என் மனைவி கலியம்மாள் ரஞ்சன்குடிப் பக்கம் களைவெட்டப் போய்விட்டு வந்து சொன்னாள். “இந்தத் தடவ தீ வைக்காதீங்க. அங்க ஒரு கொல்லையில சோகைய அப்படியே பரப்பி வுட்டிருக்காங்க. கைய வுட்டுப் பாத்தேன், தண்ணி பாய்ச்சிப் பத்து நாளாச்சாம், அடியில ஈரம் நிக்குது.”

இதையேதான் போன வருஷம் விவசாய ஆபீஸ் சாரும் கூட்டம் போட்டுச் சொன்னார். அவர் கொடுத்த நோட்டீசில் கடலை மடித்துத் தின்றவன் நான். சரி, உன் இஷ்டம் என்று அவளிடம் விட்டுவிட்டேன். மூன்று நாள் ஒண்டியாகப் பரப்பினாள். இரண்டு கையிலும் சோகை அறுத்த கீறல்.

நாலாம் நாள் டீக்கடையில் பக்கத்துக் கொல்லைக்கார அமாவாசை மச்சான் ஆரம்பித்தார். “என்ன மாப்ள, பொண்டாட்டி சொன்னான்னு கரும்புக்குப் பாய் விரிச்சிருக்கியாமே. தாலாட்டும் பாடுவியா?”

கடையே சிரித்தது. வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. மறுநாள் கலியம்மாள் ஜெயங்கொண்டத்துக்கு ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தாள். நான் தீப்பெட்டியோடு கொல்லைக்குப் போனேன். அவளுடைய மூன்று நாள் வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கிணற்றோரம் முந்தின நாள் பாய்ச்சி ஈரமாக இருந்த நாலு வரிசை மட்டும் பற்றவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கொல்லைக்கு வந்தவள் சத்தம் போடவில்லை. “ஊருக்குத்தான வாழ்றீங்க? ஊரே வந்து தண்ணி ஊத்தட்டும்” என்றாள். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சித்திரையில் எரித்த இடமெல்லாம் குருத்து சுருண்டு மஞ்சளாகிவிட்டது. கிணற்றோர நாலு வரிசை முழங்கால் உயரம் பச்சையாக நின்றது. மற்ற வரிசைகளுக்கு விட்ட அளவுதான் அதற்கும் தண்ணீர் விட்டேன். சோகையை விலக்கிக் கையை வைத்தேன். ஈரம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இப்போதாவது மூடினால் பாதியாவது பிழைக்கும் என்று சோகை தேடி அலைந்தேன். ஊர் முழுக்கச் சாம்பல். கடைசி வெட்டு அமாவாசை மச்சானுடையது. அன்று காலைதான் முடிந்தது என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். அவர் கொல்லை நடுவில் சோகை தள்ளும் கவைக்கம்போடு நின்றார்.

“மச்சான், தீ வச்சிடாதீங்க! எனக்குக் குடுங்க, நானே வாரிக்கிறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். காலில் விழவும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “தீ வைக்க வரல மாப்ள, பரப்ப வந்தேன்.”

“நீங்களா?”

“ஒங் கெணத்தோரம் நாலு வரிச பச்சையா நிக்குதே, தெனமும் போறப்ப வரப்ப பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆபீசர் சொல்லி ஏறல. கண்ணால பாத்தாத்தான ஏறுது.”

“ஒரு பத்துக் கட்டு மட்டும் குடுங்க மச்சான்.”

“எனக்கே பத்தாது. எங் கெணறு மட்டும் என்ன, ஊத்தாவா பொங்குது? ஒன்னுது போயிடுச்சு மாப்ள. என்னுதாவது நிக்கட்டும்.”

கட்டுக் கட்டக் கயிறோடு பின்னாலேயே வந்த கலியம்மாள் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றாள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, “மொத்தையா போடாதீங்கண்ணே. மொளைக்கிற கட்டைய வுட்டுட்டு ரெண்டு வரிசைக்கு நடுவுல பரப்புங்க” என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். “வாங்க, போன் பூத்துக்குப் போவோம். திருப்பூருக்கு என் தம்பிக்கிட்ட பேசணும்.”