நாம அஞ்சு பேரு

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், மனைவி, பெரியவள், சின்னவள். இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. குளியலறையில் டூத் பிரஷ் நாலு, வாசலில் செருப்புத் தட்டு நாலு. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், துணி காயப்போடும் பால்கனியில் நின்றுகொண்டு என் மனைவி போனில் அடங்கிய குரலில், "கவலையே படாதீங்க, நாம அஞ்சு பேரும் தாராளமா உக்காரலாம்" என்று சொன்னது காதில் விழுந்ததும் எனக்குப் பொறி தட்டியது.

அஞ்சைக்கூட மன்னித்துவிடலாம். அவளுக்குக் கணக்கு சுமார்தான். அந்த 'நாம'வைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பிழைப்புக்கு நான் பிழை பார்க்கிறவன். பாடப்புத்தகம் அடிக்கும் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்பு மையும் கழுத்துவலியுமாக உட்கார்ந்திருக்கிறேன். 'நாங்கள்' என்றால் கேட்கிற ஆள் வெளியே. 'நாம்' என்றால் கேட்கிற ஆளும் உள்ளே. இலக்கணப் புத்தகத்தில் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஏழு பதிப்புக்கு நான்தான் மெய்ப்புப் பார்த்தேன். ஆக, போனின் அந்தப் பக்கம் இருக்கும் ஆசாமி எங்கள் காரில் உட்காரப் போகிறார். நாங்கள் இன்னும் வாங்காத காரில்.

கார் மாற்றுவது என்று முடிவாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. பழைய வண்டியின் ஜன்னல்களில் இரண்டு இறங்காது, ஒன்று ஏறாது. எனக்குத் தாழ்வாக, நீளமாக, படகு போல ஒரு கார் வேண்டும் என்று ஆசை. அதிலிருந்து இறங்கினால் அச்சக வாசலில் காவலாளி ஒரு சலாம் வைப்பார் என்று நம்பிக்கை. மனைவிக்கு உயரமான வண்டி வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

"உயரமா இருந்தா நல்லதுங்க."

"யாருக்கு நல்லது?"

"எல்லாருக்கும்தான். என்ன கேள்வி இது?"

எல்லாருக்கும். எத்தனை பேர் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். சந்தேகப்படுகிறவன் அவசரப்படக் கூடாது.

முதல் சந்தேகம் என் மச்சான் மேல். மனைவியின் தம்பி. போன தடவை இரண்டு நாள் தங்க வந்தவன் ஐந்து மாதம் கழித்துப் போனான். அவன் போன பிறகும் சோபாவில் அவன் உருவத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. அவன் திரும்பி வந்தால் வீட்டில் நான் உட்கார மிஞ்சுவது ஸ்டூல்தான்.

வேறு யார்? எனக்கு ஓர் அண்ணன் உண்டு. ஆனால் அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் என்னோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை அவரே காரில் அழைத்துப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன். சும்மா வந்திருக்கலாம். "எங்கண்ணன் கார் ஓட்டினா, பின்னாடி நடந்து வர்றவன் ஹாரன் அடிப்பான்" என்றேன். சம்பந்தி இருமி இருமிச் சிரித்தார். அண்ணன் ஓரம் கட்டினார். "எறங்கு" என்றார். நானும் விளையாட்டு என்று நினைத்து இறங்கினேன். வண்டி போய்விட்டது. புது ஷூவோடு நாலு கிலோமீட்டர் நடந்தேன்; ஹாரன் அடிக்கிற தூரத்துக்கு அவர் வண்டி கடைசிவரை அகப்படவில்லை.

அதற்கப்புறம் அவரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. மகள் கல்யாணமாகித் தூரதேசம் போய்விட்டாள். அண்ணி முன்பே போய்ச் சேர்ந்தவர். மூன்று மாதம் முன்பு அண்ணன் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பார்க்கிங் வரை போனேன். அங்கே ஒரு தூணைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இது மனைவிக்குத் தெரியாது. தூணுக்குத் தெரியும்.

எனவே மச்சானேதான் என்று வைத்துக்கொண்டு சாட்சியங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

ஒன்று, தையல் வகுப்பு. இரண்டு மாதமாக வாரம் இரண்டு நாள் மனைவி தையல் படிக்கப் போகிறாள். இதுவரை ஒரு கைக்குட்டைகூட வெளிவரவில்லை. என் சட்டையில் அறுந்த பித்தான் அறுந்தபடியே இருக்கிறது.

அப்புறம், சின்னவள் ஒரு நாள் சாப்பிடும்போது, "அம்மா, நடு சீட்டுக்கு முழு பெல்ட்டு இருக்குமா? நான்தானே நடுவுல?" என்றாள். பெரியவள் மேசைக்கடியில் அவளை உதைத்தாள். உதை என் முழங்காலில் விழுந்தது. நாலு பேர் போகிற காரில் பின்னால் இரண்டே பேர். இரண்டு பேருக்கு நடுவே ஏது நடு?

மூன்றாவது, பள்ளிக்கூடச் சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் மனைவியின் கையெழுத்து: 'தரையிலேந்து சீட் 55 செ.மீ.க்குக் குறையக் கூடாது. உக்காந்தா முட்டி இடுப்பத் தாண்டக் கூடாது. கதவு முழுசா தெறக்கணும். மேல பிடி. டிக்கி - மடக்கினா 80.'

பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். 'மடக்கினா' என்பதற்குச் செயப்படுபொருள் இல்லை. எதை மடக்கினால்? மச்சானையா?

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஷோரூமுக்குப் போனோம். கழுத்து இறுகும் டை கட்டிய விற்பனையாளர் ஓடிவந்து வரவேற்றார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததைவிட மனைவியைப் பார்த்துச் சிரித்ததில் பரிச்சயம் அதிகம் இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

"சார், ஆறு ஏர்பேக், பின்னாடி கேமரா, ரிவர்ஸ் எடுத்தா சத்தம் போடும்."

"வீட்லயே நான் பின்வாங்கினா சத்தம் வரும். அதுக்குத் தனியா கொடுக்கணுமா?"

டைக்காரர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் குனிந்து தரைக்கும் சீட்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டிருந்தாள். "ஐம்பத்தெட்டு" என்று முணுமுணுத்தாள். மருத்துவர் நல்ல செய்தி சொன்ன மாதிரி அவள் முகம் இளகியது. தையல் வகுப்பின் ஒரே பலன் அந்த டேப்தான் போலிருக்கிறது.

"சரி, ஏறு. ஓட்டிப் பார்க்கலாம்" என்று முன்கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் முன்சீட்டை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. என் அச்சக முதலாளி ஏறியபோதே, "உங்களுக்குப் பின்னாடிதான் சார் காத்து வரும்" என்று அனுப்பி வைத்தவள்.

"ஏன் அங்க?"

"இங்கேயே வசதியா இருக்கு. பழகிக்கறேன்."

பழகிக்கறேனா! முன்சீட்டைப் பார்த்தேன். கடைசிவரை பின்னால் தள்ளி, முதுகு கொஞ்சம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ நெட்டையான ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி. சரிசெய்யக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க!" என்று மனைவி கத்தினாள்.

"ஆமா சார், விட்டுடுங்க" என்றார் டைக்காரர் உதவியாக. "அன்னைக்கு அந்த சார் வச்ச பொசிஷன்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டது தெரிந்தது. மனைவி ஜன்னல் வழியே சுவரைப் பார்த்தாள். நான் டைக்காரரின் முழங்கையைப் பிடித்துத் தண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"எந்த சார்?"

"அது வந்து... மேடம் சொன்னாங்கன்னு வண்டிய வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினோம். அந்த சார்."

"யார் வீட்டுக்கு?"

"அந்த சார் வீட்டுக்குத்தான்."

மச்சானுக்குச் சொந்த வீடு கிடையாது. இருந்திருந்தால் என் சோபா தப்பியிருக்கும். அப்படியானால் இது வேறு யாரோ. மச்சானே தேவலையோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"ஆள் எப்படி?"

"நல்ல உயரம். வயசானவர். நரைச்ச மீசை. ரொம்பப் பேசல. மூக்கு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

எங்கள் குடும்பத்து மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வருவதற்கு முன்பே அது வந்து கதவைத் தட்டும். எனக்குத் தெரிந்து மூன்றே பேருக்குத்தான் அந்த மூக்கு. ஒருவர் அப்பா; இப்போது இல்லை. ஒருவன் நான்.

ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியே மனைவியைப் பார்த்தேன்.

"தையல் வகுப்பு எங்க நடக்குது?"

இஞ்ச் டேப்பைச் சுருட்டிக் கைப்பையில் போட்டாள். பிறகு, "பெரியப்பா வீட்லதான்" என்றாள். குழந்தைகளுக்குப் பெரியப்பா. "இடுப்புல மூட்டு மாத்தி வச்சிருக்காங்க. வீட்ல செய்யற பயிற்சிக்கு நான் கூட நின்னு எண்ணிட்டு வர்றேன். ஆனா வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷின்ல பயிற்சி எடுக்கணும். டாக்ஸி எல்லாம் தாழ்வு. உக்காந்தா முட்டி மேல வந்துடுது, அது கூடவே கூடாதாம். ஒரு தடவை இறங்க முடியாம ரெண்டு பேர் தூக்கினாங்க. அன்னையிலேந்து போகவே மாட்டேங்கறார். இப்படியே விட்டா கால் மடங்காமலே போயிடும்னு டாக்டர் சொல்றார்."

"டிக்கில மடக்கினா எண்பது?"

"வாக்கர்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா 'அவர் கூப்பிடட்டும்'பீங்க. அவர்கிட்ட சொன்னா 'அவன் வரட்டும்'பார். ரெண்டு மூக்குக்கு நடுவுல நான் எங்க போறது? அதான் அவர்கிட்ட உங்களுக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்."

"பொய்."

"ஆமா, பொய்தான்."

"அவர் என்ன சொன்னார்?"

"'அவன் அதுக்கு என்ன ஜோக்கு அடிச்சான்'னு கேட்டார்."

ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படகு போன்ற காரும் கிடைக்கும், காவலாளி சலாமும் கிடைக்கும். அவர் அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். டைக்காரர் பயந்து பயந்து ஜன்னலைத் தட்டினார். "சார், ஓட்டிப் பார்க்கறீங்களா, இல்ல..."

"பின்னாடி ஏறுங்க. வழியில ஒரு ஆளை ஏத்திக்கணும். அந்த சீட்டை மட்டும் யாரும் தொடாதீங்க."

அண்ணன் வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி வழியிலேயே போன் செய்திருந்தாள். மூன்று வருஷத்தில் மீசை முழுக்க வெளுத்திருந்தது. நான் இறங்கிக் கதவை முழுதாகத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவு எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தார். அப்புறம் முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் மெதுவாக உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துவைத்தார். முட்டி இடுப்பைத் தாண்டவில்லை. மூச்சை விட்டார். நானும் விட்டேன்.

வாக்கரை மடக்கி டிக்கியில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ஒரு பள்ளம் விடாமல் சுற்றிப் போனேன். வேகமுள் இருபதைத் தொடவே கூச்சப்பட்டது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று நான் ஒரு காதைத் தயாராக வைத்திருந்தேன்.

"நிறுத்து" என்றார்.

ஓரம் கட்டினேன்.

"எறங்கு."

மனைவியின் முகம் கண்ணாடியில் வெளிறியிருந்தது. டைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"எதுக்கு?" என்றேன்.

"டிக்கில கடகடன்னு சத்தம் வருது, கேக்கல? வாக்கரை ஒழுங்கா மடக்கலடா நீ. இதுல ஊருக்கெல்லாம் பிழை திருத்தறானாம்."

நான் இறங்கினேன். டிக்கியைத் திறந்து, வாக்கரின் ஒரு கால் சரியாக மடங்காமல் கிடந்ததை அழுத்தி மடக்கி, படுக்க வைத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. கண்ணில் என்னவோ விழுந்துவிட்டதால் மூடுவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

திரும்பி வந்து ஏறியபோது உள்ளே புழுக்கமாக இருந்தது. அண்ணன் என் கையைப் பார்த்தார்.

"ஏன்டா, சாவிய எதுக்கு எடுத்துட்டுப் போன? ஏசி நின்னு போச்சு பாரு."

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அப்புறம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்குதுடா, சிரிக்க வைக்காத" என்று சிரித்தார். சாவியைப் போட்டுத் திருகினேன்.