முழு டம்ளர்

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் சிஸ்டர் போன் செய்து, "அக்கா, அண்ணனோட போர்வை இங்கயே கிடக்கு. எப்ப வந்து எடுத்துக்கறீங்க?" என்று கேட்டபோது அவள் சட்டென்று "நாளைக்கு" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கணவர் இல்லாமல் அந்த டயாலிசிஸ் அறைக்குள் அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

அவர் பஸ் டிரைவராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் அங்கே ஜன்னலோர நாற்காலிதான் அவருக்கு. கையில் ஊசி ஏறியதும், பக்கத்தில் மிஷின் ஓடத் தொடங்கியதும், "வண்டி கிளம்பிருச்சு, படியில நிக்காதீங்க!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

ஊசியைவிடப் பெரிய கொடுமை தாகம். குடிக்கும் தண்ணீர் உடம்பை விட்டு வெளியே போகாது. தேங்கி மூச்சை அடைக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அவ்வளவுதான். ஒரு வாய் தண்ணீரைவிட ஒரு துண்டு ஐஸ் வாயில் அதிக நேரம் நிற்கும் என்று கண்டுபிடித்தவள் அவள். தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு உறைய வைத்து, பிளாஸ்கில் போட்டு எடுத்து வருவாள். சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு. அங்கே அவளுக்குப் பெயரே ஐஸ் அக்கா.

வீட்டில் அவர் எதிரில் அவள் தண்ணீர் குடித்ததில்லை. முதலில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் குடித்தாள். பிறகு அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. தனக்கும் அதே மாதிரி ஒரு சின்ன பாட்டில் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் நல்ல வெயிலில் அவர் கேட்டார்: "ஒரு டம்ளர் நிறைய எடுத்துட்டு வந்து என் எதிர்ல உக்காந்து குடியேன். நான் கண்ணால குடிச்சுக்கறேன்."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. அந்தப் பாவத்த வேற நான் கட்டிக்கணுமா?"

அதோடு அவர் கேட்கவில்லை. ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவர் போன பிறகும் அவள் அந்தச் சின்ன பாட்டிலை விடவில்லை. விடக் கூடாது என்று நினைத்தெல்லாம் இல்லை. கை அதைத்தான் எடுத்தது. "அம்மா, தண்ணி ஒழுங்கா குடிக்கிறியா?" என்று மகள் போனில் கேட்பாள். "குடிக்கிறேன்டி." அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. காலையில் எழுந்ததும் யாருக்கு அளந்து வைப்பது, யாரோடு மல்லுக்கட்டுவது என்று தெரியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

சிஸ்டர் போன் செய்த மறுநாள் அவள் போனபோது ஜன்னலோர நாற்காலியில் ஒரு இளம்பெண் இருந்தாள். பள்ளிக்கூட டீச்சராம். முகம் வீங்கி, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. வாசலில் அந்தப் பெண்ணின் தம்பி கலங்கிய கண்ணோடு நின்றான்.

"எடை இவ்வளவு ஏறியிருக்கே, ஒரு குடத்தையா கவுத்தீங்க?" சிஸ்டர் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஆமா. பசங்க கை கழுவுற குழாய்ல வாய வெச்சுக் குடிச்சேன். வயிறு முட்ட. இன்னிக்குத்தான் கடைசி. இனிமே நான் வரல."

எதிர் நாற்காலியில் இருந்த டெய்லரம்மா, "ஐஸ் அக்கா, நீங்களாவது சொல்லுங்க. நாங்க சொன்னா எங்களையே கடிக்குது" என்றார்.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதானா? கேள்விப்பட்டேன். உங்க வீட்டுக்காரர் எல்லாம் ஒழுங்கா அளந்துதான் குடிச்சாராமே. இப்ப எங்க அவரு?"

"செத்துட்டாரு" என்றாள் அவள்.

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்?"

சிஸ்டரின் மேஜையோரம் இருந்த கணவரின் போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா. பெருசா ஒண்ணும் நடக்கல அந்த வருஷங்கள்ல. தினம் சண்டை போட்டோம். டிவி சத்தத்துக்கு ஒரு சண்டை, ஜன்னலத் திறக்கறதுக்கு ஒரு சண்டை. இப்ப ஜன்னல் எப்பவும் திறந்தே கிடக்கு. மூடுன்னு சொல்ல ஆளில்ல." போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு சண்டை கிடைச்சா போதும்னு இருக்கு. உன் தம்பிக்கும் அப்படித்தான் இருக்கும்."

டீச்சர் வாசலைப் பார்த்தாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பார்வை திரும்பி வந்து ஐஸ் அக்காவின் உதட்டில் நின்றது. தோல் வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"உங்களுக்கு என்ன வந்துச்சு? நீங்க ஏன் குடிக்கல?"

"குடிக்கிறேனே."

"பசங்ககிட்ட பொய் கேட்டுக் கேட்டுப் பழகினவ நான். என்கிட்டயேவா?" சிஸ்டரின் மேஜைமேல் இருந்த கூஜாவைக் கண்ணால் காட்டினாள். "ஒரு டம்ளர் நிறைய ஊத்துங்க. என் எதிர்லயே குடிங்க."

"சீ, என்ன பேச்சு இது! உன் எதிர்ல போயி..."

"நான் பாக்கணும். யாரைப் பாத்தாலும் என்கிட்ட ஒளிச்சு ஒளிச்சுக் குடிக்கறாங்க. நான் என்னமோ பிசாசு மாதிரி. நீங்க குடிச்சா நான் அடுத்த தடவை வர்றேன்."

சிஸ்டரே எழுந்து டம்ளரை நிரப்பிக் கொடுத்தாள். அவள் வாங்கும்போது விளிம்பில் தண்ணீர் தளும்பியது. "சிந்தாதீங்கக்கா, வயிறு எரியுது" என்றாள் டீச்சர்.

அவள் குடித்தாள். ஒவ்வொரு மிடறுக்கும் டீச்சரின் தொண்டையும் ஏறி இறங்கியது. அந்த முகத்தில் ஏக்கம் இருந்தது; வேதனை இல்லை. ஒரு வாய் தனக்கும் கிடைத்தது போல, மெல்லக் கண்ணை மூடித் திறந்தாள்.

இவ்வளவுதானா அவர் கேட்டது? இதைக்கூடவா நான் கொடுக்கவில்லை?

காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் விம்மி அழுதாள். அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை. டீச்சர் ஊசி இல்லாத கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

போர்வையை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. டீச்சரின் காலில் போர்த்திவிட்டு வந்தாள்.

அன்று மாலை ஃப்ரிட்ஜைத் திறந்து, காய்ந்து கிடந்த ஐஸ் தட்டை எடுத்துக் கழுவினாள். எலுமிச்சையைப் பிழிந்தாள். அடுத்த முறை அவள் பிளாஸ்கோடு போனபோது ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. கடைசியில்தான் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு டீச்சர் வந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்ன பாக்கறீங்க? முதல்ல நீங்க குடிங்க. அப்புறம் எனக்கு ஐஸ்."

அவள் டம்ளரை நிரப்பினாள். தூக்கும் முன், அவர் உட்கார்ந்திருந்த ஜன்னலோர நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நன்றாகத் தெரியும்படி குடித்தாள்.